துளசி இரவிலும் ஆக்சிஜன் விடுமா?

“துளசி 24 மணி நேரமும் ஆக்சிஜன் விடும், விடியற்காலையில் ஓசோனும் தரும், படுக்கையறையில் வையுங்கள்” என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவல் தவறு.

ஒளிச்சேர்க்கைக்கு வெளிச்சம் வேண்டும். இருட்டினால் துளசியும் நம்மைப் போல ஆக்சிஜனை இழுத்துக் கரியமில வாயுவைத்தான் விடும். தொட்டிச் செடி விடுவது சொற்பம், பயம் வேண்டாம். ஓசோன் கதை இன்னும் மோசம். துளசி அதை வெளியிடுவதில்லை. மூச்சுக் காற்றில் கலந்தால் அது நுரையீரலைக் கெடுக்கும் மாசு.

துளசிக்கு இந்தப் பொய்ப் பெருமை எதற்கு? பெருமாள் கோயில் தீர்த்தத்தில் பச்சைக் கற்பூரத்தோடு மணக்கிறது. தாய்லாந்தில் பூண்டு, மிளகாயோடு இறைச்சியில் வதக்குகிறார்கள். இலையைக் கசக்கினால் லேசாகக் கிராம்பு வாசம் வரும்; இரண்டிலும் இருப்பது யூஜெனால் என்ற வாசனைப் பொருள். இருமலுக்கு மிளகு, சுக்கு தட்டிப் போட்டுக் கஷாயம் வைக்கலாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளட்டும்.

செடி வெயில் படும் முற்றத்திலேயே இருக்கட்டும், படுக்கையறையில் வாடிவிடும்.