டேங்க் வாயில் தொடங்க வேண்டிய பாடம்

கடலூர் சிப்காட்டிலும், புதுச்சேரியின் சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைகளிலும் உள்ள ஆலைகளுக்கு இணையவழிப் பயிற்சிப் பாடங்களைத் தயாரித்துக் கொடுப்பது என் தொழில். கொரோனாவுக்குப் பிறகு இந்த வேலை பெருகியிருக்கிறது. ஆட்களை ஒருநாள் முழுக்க வகுப்பில் உட்கார வைப்பதைவிட இதற்குச் செலவு குறைவு என்பதை நிர்வாகங்கள் கண்டுகொண்டன. ஆனால் பாடங்கள் பெருகிய அளவுக்குப் பயன் பெருகவில்லை. மென்பொருளையும் இணைய வேகத்தையும் தொழிலாளியின் படிப்பையும் குறை சொல்பவர்கள் உண்டு. நான் குறை காண்பது, பாடத்தை நாம் தொடங்குகிற இடத்தில்.

பெரும்பாலும் வேலை இப்படித்தான் வருகிறது. பாதுகாப்புத் துறையிலிருந்து எண்பது, தொண்ணூறு ஸ்லைடுகள் கொண்ட பிபிடி கோப்பு ஒன்றை அனுப்புவார்கள். பல ஆண்டுகளாக வகுப்புகளில் ஓடிய கோப்பு அது. அதற்குத் தமிழில் குரல் சேர்த்து, கடைசியில் பத்துக் கேள்விகள் வைத்து, எண்பது விழுக்காடு எடுத்தால் தேர்ச்சி என்று அமைத்து, ஆடிட்டுக்கு முன் ஏற்றிவிட வேண்டும் என்பார்கள். அப்படியே ஏற்றப்படுகிறது. ஷிஃப்ட் மாறும் நேரத்தில், டைம் ஆபீஸ் பக்கத்து அறையில் இருக்கும் ஒற்றைக் கணினியில் உட்கார்ந்து, தொழிலாளி ‘அடுத்து’ என்ற பொத்தானை அழுத்திக்கொண்டே போகிறார். கேள்விகளுக்கான விடைகள் முன்னால் முடித்தவரிடமிருந்து அவருக்கு வந்து சேர்ந்திருக்கும். பதிவேட்டில் எல்லோரும் தேர்ச்சி. இதில் நான் தொழிலாளியைக் குறை சொல்ல மாட்டேன். நாளைக் காலை அவர் எடுக்க வேண்டிய ஒரு முடிவைப் பற்றிக்கூட அந்த எண்பது ஸ்லைடுகளில் ஒன்றும் இல்லாதபோது, அவர் வேறு என்ன செய்வார்?

பயிற்சி பெறுவது தொழிலாளியின் சட்டபூர்வமான உரிமை என்பதை நாம் மறந்துவிடுகிறோம். 1984-இல் போபாலில் நச்சுவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் இறந்த பிறகு, 1987-இல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டது. அப்போது சேர்க்கப்பட்ட 111அ பிரிவு, தன் உடல்நலம், பாதுகாப்பு பற்றிய தகவல்களை நிர்வாகத்திடமிருந்து கேட்டுப் பெறவும், இயன்றவரை ஆலைக்குள்ளேயே பயிற்சி பெறவும் தொழிலாளிக்கு உரிமை அளித்தது. கடலூர்க்காரர்களுக்கு இதன் அருமையை நான் விளக்க வேண்டியதில்லை. 2021 மே 13 அன்று சிப்காட்டில் பூச்சிமருந்து ஆலை ஒன்றில் நடந்த விபத்தில் நான்கு பேர் உயிரிழந்தனர். குடிகாட்டிலிருந்தும் ஈச்சங்காட்டிலிருந்தும் வேலைக்குப் போகிறவர்கள் உட்கார்ந்து பார்க்கும் பாடத்தை, கோப்பில் செருகும் தாளைப் போலத் தயாரிக்க எவருக்கும் மனம் வரக்கூடாது.

டேங்க்குக்குள் இறங்கும் வேலையை எடுத்துக்கொள்கிறேன். வழக்கமான பாடம், இறங்கும் இடத்துக்கான வரையறையில் தொடங்கும். பிறகு சட்டப் பிரிவுகள், ஆபத்துகளின் வகைகள், பாதுகாப்புக் கருவிகளின் படங்கள் என்று நீளும். உள்ளே காற்றில் ஆக்சிஜன் 19.5 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது என்பது அதில் எங்கோ ஒரு வரியாக இருக்கும். ஆனால் உள்ளே இறங்கியவரைக் கவனித்துக்கொண்டு டேங்க் வாயில் நிற்கும் காவல் ஆளின் வாழ்க்கையில் வரக்கூடிய மிகக் கொடிய கணம் வேறு. உள்ளே இறங்கியவர் திடீரென்று சாய்கிறார். கூப்பிட்டால் பதில் இல்லை. அவர் ஒருவேளை இவருடைய மச்சானாகவோ, ஒரே தெருக்காரராகவோ இருப்பார். இவர் என்ன செய்வார்? பதறிப்போய் இறங்குவார். அமெரிக்காவின் தேசியப் பணிப் பாதுகாப்பு மற்றும் உடல்நல நிறுவனம் 1986-இல் வெளியிட்ட எச்சரிக்கை, இப்படிப்பட்ட இடங்களில் இறந்தவர்களில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் காப்பாற்றப் போனவர்கள் என்று சொல்கிறது. நம் ஊர்ச் செய்தித்தாள்களில் செப்டிக் டேங்க் மரணங்களைப் படிப்பவர்களுக்கும் இது தெரியும். ஒருவர் இறங்கி மயங்க, தூக்கப் போன அடுத்தவரும் மயங்கினார் என்றே அந்தச் செய்திகள் திரும்பத் திரும்ப வருகின்றன.

ஆகவே பாடத்தின் முதல் திரை அந்தக் கணமாகவே இருக்க வேண்டும். உள்ளே ஆள் விழுந்துவிட்டார், நீங்கள் வெளியே நிற்கிறீர்கள். இறங்குகிறீர்களா, கயிற்றை இழுக்கிறீர்களா, வாக்கிடாக்கியில் ஆள் கூப்பிடுகிறீர்களா? அவர் இறங்குவதைத் தேர்ந்தால் ‘தவறான விடை’ என்று சிவப்புப் பெருக்கல் குறி போடுவதில் பயனில்லை. இறங்கியபின் என்ன ஆகும் என்பதைப் படிப்படியாகக் காட்ட வேண்டும். கயிற்றை இழுப்பதைத் தேர்ந்தால், இடுப்பில் கயிறு கட்டாமலேயே அவரை உள்ளே அனுப்பியிருந்தது அப்போதுதான் தெரிய வர வேண்டும். அங்கிருந்து பின்னோக்கிப் போய், இறங்குவதற்கு முன் கட்ட வேண்டிய கயிறு, கேஸ் மீட்டரில் பார்க்க வேண்டிய அளவு, பெர்மிட்டில் (வேலைக்கான அனுமதிச் சீட்டில்) கையெழுத்திடும் முன் கேட்க வேண்டிய கேள்வி என்று ஒவ்வொன்றையும் அது தேவைப்படும் இடத்தில் சொல்லலாம். அப்போது 19.5 என்ற எண் மனத்தில் நிற்கும். வரையறையைக் கடைசியில் சொன்னாலும் போதும், சொல்லாமல் விட்டாலும் குறையில்லை.

தவறான விடைகளை எழுதுவதில்தான் உண்மையான உழைப்பு இருக்கிறது. அலுவலக அறையில் உட்கார்ந்து எழுதினால், எவரும் தேர்ந்தெடுக்காத அபத்தங்களே வரும். மூத்த ஆபரேட்டர்களிடம் போய், புதிதாக வருகிற பையன்கள் எங்கே தவறு செய்கிறார்கள் என்று கேட்டால் பாதிப் பாடம் அங்கேயே கிடைத்துவிடும். அழுகிய முட்டை நாற்றம் நின்றுவிட்டதால் கேஸ் போய்விட்டது என்று நம்புகிறவர்கள் உண்டு. அந்த நாற்றத்தைத் தரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு, காற்றில் ஏறத்தாழ 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் நூறு பங்கு) அளவை எட்டும்போது மூக்கின் மோப்ப உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடுகிறது. நாற்றம் நின்றதே ஆபத்து முற்றியதன் அடையாளமாக இருக்கக்கூடும். ‘நாற்றம் போய்விட்டது, வேலையைத் தொடரலாம்’ என்பதை ஒரு தெரிவாக வைத்துப் பாருங்கள். அனுபவசாலிகளும் அதைத் தொடுவார்கள். அந்த இடத்தில்தான் கற்றல் நடக்கிறது.

எல்லாக் குறைக்கும் பயிற்சி மருந்தாகாது என்பதையும், பாடம் தயாரிக்கச் சொல்லி வருகிற நிர்வாகங்களிடம் துணிந்து சொல்ல வேண்டும். உயிரே போகும் என்ற நிலை வந்தால், இப்போது தவறாகச் செய்யும் வேலையைத் தொழிலாளி சரியாகச் செய்வாரா என்று கேட்டுப் பார்க்கலாம். செய்வார் என்றால், அவருக்கு அறிவு குறையவில்லை. தடை வேறெங்கோ இருக்கிறது. ஓர் ஆலையில் காற்றைச் சோதிக்காமலேயே பெர்மிட் எழுதப்படுகிறது, அதற்கு ஒரு பாடம் வேண்டும் என்றார்கள். விசாரித்தால், முழு ஆலைக்கும் வேலை செய்யும் நிலையில் ஒரே கேஸ் மீட்டர், அதுவும் இரவில் பூட்டிய அறைக்குள். இரண்டு மீட்டர் வாங்கி ஷிஃப்ட் இன்சார்ஜ் கையில் கொடுப்பதுதான் அங்கே தீர்வு. பாடம் தயாரித்துக் காசு வாங்குவது எனக்கு எளிது. ஆனால் அது அந்தத் தொழிலாளர்களுக்குச் செய்யும் துரோகம்.

வெளியில் வாங்கிய ஆயத்தப் பாடங்கள் தோற்கும் இடத்துக்கு நம் ஊர்க் காற்றையே சான்றாகச் சொல்வேன். கேஸ் கசிந்தால் கூடுமிடத்துக்குப் போங்கள் என்று அவை ஓர் அம்புக்குறி போடும். சிப்காட்டுக்குக் கிழக்கே உப்பனாறும் அதற்கப்பால் கடலும், மேற்கே சிதம்பரம் சாலையும் இருக்கின்றன. கோடைப் பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வீசும். இரவில் நிலத்திலிருந்து கடலுக்குத் திரும்பும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று. பகல் ஷிஃப்டுக்குப் பாதுகாப்பான கூடுமிடம், இரவு ஷிஃப்டில் கேஸ் போகும் வழியிலேயே அமையக்கூடும். எனவே தொழிலாளி முதலில் விண்ட்சாக்கை (காற்றுத் திசை காட்டும் துணிக்குழாயை) நிமிர்ந்து பார்க்க வேண்டும், காற்றின் போக்குக்குக் குறுக்காக நகர்ந்து கேஸின் பாதையிலிருந்து விலக வேண்டும், பிறகு காற்று வரும் பக்கம் போக வேண்டும். குளோரின் காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமானது, தாழ்ந்த இடங்களில் தேங்கும் என்பதால் பள்ளத்தில் பதுங்கக்கூடாது. இதைக் கற்பிக்க அந்த ஆலையின் வரைபடமே வேண்டும். காற்றுத் திசையையும் கசிவு இடத்தையும் மாற்றி மாற்றிக் கொடுத்து, எந்தப் பக்கம் ஓடுவீர்கள் என்று பலமுறை கேட்க வேண்டும். அசைவூட்டமும் பின்னணி இசையும் இதற்குத் தேவையே இல்லை.

குரலைப் பற்றியும் சொல்ல வேண்டும். திரையில் உள்ள அதே வாக்கியங்களைக் குரலும் வாசித்தால் கற்றல் குறைகிறது என்பதை ரிச்சர்ட் மேயர் என்ற அமெரிக்க உளவியலாளரின் சோதனைகள் காட்டியிருக்கின்றன. படமும் குரலும் சேர்ந்தால் போதும். எழுத்து மிகக் குறைவாக இருக்கட்டும். குரல் செய்தி வாசிப்பாளருடையதாக இல்லாமல் ஒரு ஷிஃப்ட் இன்சார்ஜ் பேசுவது போல இருந்தால் மக்கள் காது கொடுக்கிறார்கள். ஒடிசா, பீகார் தொழிலாளர்கள் இருக்கும் ஆலையில் ஒடியாவும் இந்தியும் கட்டாயம்.

ஆண்டுக்கு ஒருமுறை ஒரு மணிநேரப் பாடம் என்ற ஏற்பாட்டையும் கைவிட வேண்டும். கற்றது எவ்வளவு விரைவில் மறக்கிறது என்பதை ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-லேயே தன்னையே சோதித்து எழுதிவைத்தார். 2006-இல் ரோடிகர், கார்பிக் என்ற உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவில் வைத்திருந்தனர். ஆகையால் முதன்மைப் பாடம் பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடியட்டும். பிறகு இரண்டு நாள், ஒரு வாரம், ஒரு மாதம் என்று இடைவெளி விட்டு ஒவ்வொரு கேள்வியாக வரட்டும். தீப்பற்றும் பொருள்கள் உள்ள பகுதியில் கைபேசிக்கு அனுமதி இல்லை. அதனால் அந்தக் கேள்வியை ஷிஃப்ட் தொடக்கத்தில் நடக்கும் டூல்பாக்ஸ் மீட்டிங் என்ற சிறு பாதுகாப்புக் கூட்டத்தில் சூப்பர்வைசர் வாய்மொழியாகவே கேட்கலாம். வீட்டுக்குப் போனபின் சொந்த டேட்டாவில் பார்க்கச் சொல்வதை நான் ஏற்பதில்லை. அது வேலை நேரம், அதற்குக் கூலி உண்டு.

பலனை அளப்பதிலும் நாம் பாதி வழியில் நின்றுவிடுகிறோம். பயிற்சியின் விளைவை நான்கு படிகளாகப் பார்க்கும் முறையை டொனால்டு கிர்க்பாட்ரிக் 1959-இல் முன்வைத்தார்: பிடித்ததா, கற்றார்களா, வேலையில் நடத்தை மாறியதா, நிறுவனத்துக்குப் பலன் கிடைத்ததா. யார் முடித்தார், எவ்வளவு மதிப்பெண் என்பதை இணையப் பயிற்சித் தளம் தானாகவே பதிந்துவிடுவதால் இரண்டாவது படியோடு எல்லோரும் திருப்தி அடைகிறார்கள். மூன்றாவது படிக்கு ஆலைக்குள் நடந்து போக வேண்டும். பாடம் முடிந்து ஒரு மாதம் கழித்துப் பெர்மிட் கட்டை எடுத்து, ஆக்சிஜன் அளவு உண்மையாகவே எழுதப்பட்டிருக்கிறதா, எல்லாத் தாளிலும் ஒரே எண்ணைப் போட்டிருக்கிறார்களா என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

இந்தத் தொழிலில் இருக்கும் நண்பர்களிடம் நான் கேட்பது ஒன்றுண்டு. பாடத்தை ஏற்றுவதற்கு முன், அதைப் பார்க்கப்போகிற கான்ட்ராக்ட் தொழிலாளர்களில் இரண்டு மூன்று பேரிடம் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, வாய் திறக்காமல், எங்கே தயங்குகிறார்கள், எதைப் படிக்காமல் தாண்டுகிறார்கள் என்று பாருங்கள். மேலாளரின் ஒப்புதலை அதற்குப் பிறகு வாங்குங்கள். அந்த அரை நாளுக்கு அவர்களுக்குத் தர வேண்டிய கூலியையும், தவறாமல், விலைப்புள்ளியில் ஒரு வரியாகச் சேர்த்து எழுதுங்கள்.