இரவல் பதிவேட்டைத் தாண்டிப் போகும் நாவல்கள்

போர்க்கால ஆக்கிரமிப்பின்போது புத்தகங்களைக் காத்த நூலகர்களைப் பற்றிய வரலாற்று நாவல்கள் சில ஆண்டுகளாக ஆங்கிலத்திலும் பிற ஐரோப்பிய மொழிகளிலும் வந்து குவிகின்றன. பாரிஸ், ஆஷ்விட்ஸ், சரயேவோ என்று ஊர் மாறும். அட்டையில் நமக்கு முதுகைக் காட்டியபடி கையில் புத்தகத்தோடு நிற்கும் பெண் மட்டும் பெரும்பாலும் மாறுவதில்லை. இவற்றை விரும்பி வாசிப்பவன்தான் நான். ஆனாலும், அக்கரையில் யாழ்ப்பாணம் இருக்கும் இந்த ராமநாதபுரம் கடற்கரையில் உட்கார்ந்து வாசிக்கும்போது, இவை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஏமாற்றம் தருகின்றன. புத்தகம் எரிவதையும் ஒளித்துவைக்கப்படுவதையும் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள், ஆக்கிரமித்தவனின் அனுமதியோடு திறந்திருந்த நூலகத்தில் அன்றாடம் என்ன நடந்தது, கதவைத் திறந்துவைப்பதற்காக நூலகர் எதற்கெல்லாம் இணங்கினார் என்ற பகுதி வந்ததும் காதல் கதைக்குள் நுழைந்துவிடுகிறார்கள்.

பாரிஸ் அமெரிக்க நூலகத்தை எடுத்துக்கொள்வோம். முதல் உலகப் போரில் படைவீரர்களுக்காக அமெரிக்க நூலகங்கள் அனுப்பிய புத்தகங்களைக் கொண்டு 1920இல் உருவான நிறுவனம் அது. 1940 ஜூன் 14 அன்று ஜெர்மன் படை பாரிஸுக்குள் நுழைந்த பிறகு யூத வாசகர்கள் நூலகத்துக்குள் வரக்கூடாது என்றானது. ஊழியர்கள் அவர்களுடைய வீடுகளுக்கே புத்தகங்களை மறைவாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். நாவலாசிரியர்கள் விரும்புவது இந்தப் பகுதியை, விரும்புவதிலும் தவறில்லை. ஆனால், நூலகங்களை மேற்பார்வையிட வந்த ஜெர்மானிய அதிகாரி ஹெர்மன் ஃபுக்ஸ், நூலக இயக்குநர் டாரத்தி ரீடருக்குப் போருக்கு முன்பே நூலகர் வட்டத்தில் அறிமுகமானவர். ரீடர் நாடு திரும்பிய பிறகு பொறுப்பேற்ற கிளாரா த ஷாம்ப்ரன் சீமாட்டியின் மகன், ஜெர்மனியோடு ஒத்துழைத்த விஷி அரசின் பிரதமர் பியர் லவாலின் மருமகன். நூலகம் போர் முடியும்வரை தப்பிப் பிழைத்ததில் இந்தச் சம்பந்தத்துக்கும் பங்கு உண்டு. மறைவாகப் புத்தகம் சுமந்த ஊழியரும் லவாலின் சம்பந்தியம்மாளும் ஒரே கூரையின் கீழ் ஒரே நிறுவனத்தைக் காப்பாற்றினார்கள் என்பதுதான் என்னைப் பொறுத்தவரை நாவலுக்குரிய விஷயம். ஜெர்மன் சிப்பாயைப் பார்த்துக் கதாநாயகிக்கு நெஞ்சு படபடப்பது அல்ல.

இதைவிடக் கனமான கதை வில்னாவில், அதாவது இன்றைய லித்துவேனியத் தலைநகர் வில்னியஸில், நடந்தது. 1941 செப்டம்பரில் அந்நகரத்து யூதர்களைக் கெட்டோ எனப்பட்ட அடைப்புப் பகுதிக்குள் அடைத்த சில நாட்களிலேயே ஹெர்மன் க்ரூக் என்ற நூலகர் உள்ளே ஒரு நூலகத்தை நடத்தத் தொடங்கிவிட்டார். அடுத்த ஆண்டு டிசம்பரில் அதன் இலட்சமாவது இரவலுக்கு விழாவே எடுத்தார்கள். பக்கத்துப் பொனாரி காட்டில் அதற்குள் ஆயிரக்கணக்கானவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்கள். ஆட்களைப் பிடித்துக்கொண்டுபோன மறுநாளும் புத்தகம் மாற்ற வந்து நின்றவர்களைப் பற்றிக் க்ரூக் புகழ்ந்தும் எழுதவில்லை, பழித்தும் எழுதவில்லை, கணக்கு வைத்தார். பெரும்பாலோர் துப்பறியும் கதைகளையும் மலிவான காதல் கதைகளையும் கேட்டார்கள், வாசிப்பு பலருக்குப் போதையாகிவிட்டது என்பதை அவரே பதிவு செய்திருக்கிறார். தம்மைக் கொல்ல வந்தவர்களை ஆர்மீனியர்கள் எதிர்த்து நின்றதைச் சொல்லும் நாவலைத் தேடி வந்த வாசகர்களும் அங்கே இருந்தார்கள். துன்பத்தில் இருப்பவர்கள் உயர்ந்த இலக்கியத்தை வாசித்துத்தான் உயிரைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்ற நம்முடைய அழகான கற்பனைக்கு இந்தப் பதிவேடு இடம் தரவில்லை.

அதே க்ரூக்கைத்தான், கவிஞர் ஆபிரகாம் சுட்ஸ்கேவர் உள்ளிட்ட வேறு சிலரோடு சேர்த்து, யூத நூல்களைத் தரம் பிரிக்கும் வேலைக்கு ஜெர்மானியர் அமர்த்தினார்கள். அதிகம் போனால் நூற்றுக்கு முப்பது ஜெர்மனிக்கு அனுப்பப்படும். மீதி காகித ஆலைக்குப் போகும். எது பிழைக்க வேண்டும், எது கூழாக வேண்டும் என்பதை அந்த நூல்களை நேசித்தவர்களே தீர்மானிக்க வேண்டும். அவர்கள் கையெழுத்துப் பிரதிகளையும் கடிதங்களையும் ஆடைக்குள் மறைத்து, வாயிற்காவலர்களின் சோதனையைத் தாண்டி உள்ளே கொண்டுபோனார்கள். ரொட்டியைக் கடத்த வேண்டிய நேரத்தில் காகிதத்தைக் கடத்துகிறார்களே என்று கேலி செய்து, அவர்களுக்குக் ‘காகிதப் படை’ என்று பெயர் வைத்ததும் கெட்டோவுக்குள் இருந்த சொந்த மக்கள்தான். அந்தக் கேலியில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. பிள்ளைக்குச் சோறு இல்லாதவர் வேறு எப்படிப் பேசுவார்? க்ரூக்கை எஸ்டோனியாவின் லகேதி முகாமில் 1944 செப்டம்பர் 18 அன்று கொன்றார்கள். சில நாட்களிலேயே செஞ்சேனை அங்கே வந்து சேர்ந்தது.

க்ரூக்கோடு கதை முடிவதும் இல்லை. அடுத்து வந்த சோவியத் ஆட்சி அந்த யூத நூல்களை வேண்டாதவையாக்கியபோது, யூதர் அல்லாத லித்துவேனிய நூலகர் அந்தானாஸ் உல்பிஸ், அரசு ஊழியராக இருந்துகொண்டே, தன் நிறுவனத்தின் கிடங்காக இருந்த தேவாலயத்தில் அவற்றைப் பல ஆண்டுகள் சத்தமில்லாமல் அடுக்கி வைத்திருந்தார். கொல்லப்பட்ட வீரனைவிட, மேலதிகாரிக்குப் பணிவாக அறிக்கை அனுப்பிக்கொண்டே விதியை மீறிய இந்தக் குமாஸ்தாவைப் பற்றித்தான் ஒரு நாவல் வாசிக்க எனக்கு ஆசை.

ஆஷ்விட்ஸ் முகாமில் விரல்விட்டு எண்ணக்கூடிய புத்தகங்களைக் காத்த பதினான்கு வயதுச் சிறுமி தீத்தா க்ராவுஸைப் பற்றி ஸ்பானிய மொழியில் எழுதப்பட்ட நாவலைப் பலரும் அறிவீர்கள். அதில் எனக்குப் பிடித்தது புத்தகங்களை ஒளித்துவைப்பது அல்ல. தாம் முன்பு வாசித்த கதைகளை நினைவிலிருந்து சொல்லி ஆசிரியர்களே புத்தகங்களாக மாறி, பிள்ளைகளுக்கு முறைவைத்துக் கிடைத்தார்களே, அதுதான்.

இனி நம் கரைக்கு வருகிறேன். 1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் கொளுத்தப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் அழிந்தன. அது போர்க்காலம்கூட அல்ல. மாவட்ட சபைத் தேர்தலுக்கென அனுப்பப்பட்டிருந்த காவலர்களும் அவர்களோடு வந்த கும்பலும் செய்த வேலை அது. அந்த நூலகத்தின் கட்டடத்தை வரைந்தவர் சென்னையைச் சேர்ந்த நரசிம்மன். ஆலோசனை சொன்னவர் நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன். அதற்கு ஒரு நூற்றாண்டு முந்தியே, நல்லூர் ஆறுமுக நாவலர் பதிப்பித்த நூல்களுக்கு ராமநாதபுரம் பொன்னுசாமித் தேவர் துணை நின்றிருக்கிறார். இந்த நீரிணையைப் புத்தகம் தாண்டிய கதை, அகதிப் படகுகளின் கதையைவிடப் பழையது.

இந்த எரிப்பைத் தமிழ் கவிதையிலும் கட்டுரையிலும் நிறையவே அழுதிருக்கிறது. அந்த அழுகை தேவையானதுதான். ஆனால் அழுகைக்கு ஒரே ஓர் இரவு போதும். நாவலுக்கு அதற்குப் பிந்திய ஆண்டுகள் வேண்டும். மண்டபம் அகதி முகாமில் வாழும் ஓர் அம்மா என்னிடம் சொன்னது இது: “எரிஞ்சதைப் பற்றி ஊரெல்லாம் கதைச்சினம், தம்பி. எங்கட அப்பா கவலைப்பட்டது, இரவல் எடுத்த ரெண்டு புத்தகம் வீட்டில கிடக்கு, இனி அதை ஆரிட்டக் குடுக்கிறது எண்டுதான்.” எரிக்க வந்தவனுக்கு எட்டாமல் போனவை, இப்படி வாசகர் வீடுகளில் தங்கிவிட்ட புத்தகங்கள்தான். அவை பின்னர் எத்தனை இடப்பெயர்வுகளில் எங்கெங்கே விடப்பட்டன என்பதைத் தொடர்ந்து போனாலே நாவலின் பாதி எழுதப்பட்டுவிடும்.

மறுபாதி கடினமானது. 1987 முதல் 1990 வரை அங்கே இருந்தது நம் நாட்டு ராணுவம். ஊரடங்குக்கு நடுவே பள்ளியையும் படிப்பகத்தையும் நடத்தியவர்கள் யாரிடம் அனுமதி கேட்டு நின்றார்கள் என்று அந்த நாவல் எழுதினால், இக்கரை வாசகர்களான நமக்குச் சங்கடமாக இருக்கும். 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் இரண்டு மணி நேரத்தில் வெளியேறச் சொன்னார்கள். பாரிஸில் யூத வாசகரின் பெயர் நீக்கப்பட்டதைப் படித்துக் கண் கலங்கும் தமிழ் வாசகர், தன் ஊர் வாசகசாலையில் காலியான நாற்காலிகளைப் பற்றிய அத்தியாயத்தையும் அதே மனத்தோடு வாசிக்க வேண்டும். கீழக்கரையிலும் தொண்டியிலும் முஸ்லிம்களோடு வாழ்கிற நாம் அந்த அத்தியாயத்தைத் தவிர்த்த ஒரு நாவலை வரலாற்று நாவல் என்று ஏற்கவே கூடாது என்பது என் கருத்து. எரிப்பை மட்டும் எழுதினால் நாம் எப்போதும் பாதிக்கப்பட்டவர்களாகவே இருந்துவிடலாம். உறுப்பினர் பட்டியலை எழுதத் தொடங்கினால் அந்த வசதி போய்விடும். ஐரோப்பிய நாவல்கள் பதிவேட்டை விட்டு நழுவுவதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம் என்று எண்ணுகிறேன்.

எழுத நினைப்பவருக்குத் தரவு இல்லாமல் இல்லை. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ இணையத்தளத்தில் ஈழத்து நூல்கள், இதழ்கள், நினைவு மலர்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன. பழைய இதழ்களில் வாசகசாலை ஆண்டு விழாச் செய்திகளும் உண்டு. அவற்றில் இல்லாதது சாதாரண வாசகரின் நினைவு. 1981இல் இருபது வயதாக இருந்தவருக்கு இப்போது அறுபதைத் தாண்டிவிட்டது. மண்டபத்திலும் சுற்றுவட்டாரத்திலும் இருப்பவர்களில், யாழ்ப்பாணப் பொது நூலகத்திலோ அங்கத்து ஊர் வாசகசாலைகளிலோ புத்தகம் எடுத்துப் படித்தவர்களின் நினைவுகளை ஒலிப்பதிவு செய்ய நண்பர்கள் சிலர் சேர்ந்து முடிவு செய்திருக்கிறோம். என்ன புத்தகம் எடுத்தார்கள், யார் எடுத்துக் கொடுத்தார், எப்போது முதல் எடுக்க முடியாமல் போனது என்ற மூன்று கேள்விகளே போதும். அப்படி யாரையேனும் தெரிந்தவர்கள், அவர்களிடம் முதலில் சம்மதம் கேட்டுவிட்டு, எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள்.