அனுபவம் இருந்து என்னத்த கிழிச்சான்னு கேட்டவருக்கு

ஆண்டு விழா வீடியோ காரைக்குடி குரூப் அத்தனையிலயும் சுத்திக்கிட்டு இருக்கு, அதனால முதல்ல இருந்து கதை சொல்லப் போறதில்ல. சிறப்பு விருந்தினர் பெரிய ஸ்கிரீன்ல லண்டன் ஒலிம்பிக் கிளிப்பைப் போட்டுட்டு "ஜேம்ஸ்பாண்ட் மாதிரி குதிச்சான்ல, மறு வருஷமே மலையில மோதிச் செத்தான், அவ்வளவு அனுபவம் இருந்து என்னத்த கிழிச்சான், எல்லாம் கொழுப்பு"ன்னாரு. புள்ளைங்க சிரிச்சாங்க. சரி, புள்ளைங்க. பின் வரிசையில டீச்சருங்களும் சிரிச்சாங்க பாருங்க, அங்கதான் எனக்கு ஏறிடுச்சு.

அந்த ஆளுக்குப் பேரு இருக்கு சார். மார்க் சட்டன். 2012 ஜூலை 27 ஒலிம்பிக் தொடக்க விழாவுல, நம்ம ஊருக்கு அப்ப 28 விடியக்காலம், ஹெலிகாப்டர்ல இருந்து ராணியும் பாண்டும் குதிச்ச மாதிரி காட்டினாங்கல்ல, ராணி வேஷத்துல குதிச்சவரு கேரி கானரி, பாண்ட் வேஷத்துல இவரு. உலகமே பாத்துச்சு, மூஞ்சியை ஒருத்தரும் பாக்கல. 2013 ஆகஸ்ட் 14, சுவிட்சர்லாந்து மலையில விங்சூட் போட்டு ஹெலிகாப்டர்ல இருந்து குதிச்சுப் பறந்துக்கிட்டு இருக்கும்போது பாறை முகட்டுல மோதி இறந்துட்டாரு. 42 வயசு. பிரிட்டிஷ் ராணுவத்துல கூர்க்கா படையில ஆபீசரா இருந்தவரு. கொழுப்பெடுத்த விடலைப் பையன் இல்ல.

விங்சூட்னா என்னன்னு மைக்கைப் பிடிக்கறதுக்கு முன்னாடி யாராவது அவருக்குச் சொல்லியிருக்கலாம். கைக்கும் உடம்புக்கும் நடுவுல, ரெண்டு காலுக்கும் நடுவுல துணி வச்சுத் தச்சிருப்பாங்க, காத்து உள்ள பூந்து உப்பினா அதுதான் றெக்கை. ஒரு மீட்டர் கீழ இறங்கறதுக்குள்ள ரெண்டரை மூணு மீட்டர் முன்னாடி போயிரும். வேகம் மணிக்கு 200 கிலோமீட்டர்னு வச்சுக்கிட்டாலும் ஒரு செகண்டுக்கு 55 மீட்டர். கண்ணைச் சிமிட்டித் திறந்தா பாதித் தெரு போயிருக்கும். வெட்டவெளியில தப்பு பண்ணா திருத்திக்கலாம், கடைசியில பாராசூட் இருக்கு. மலையை ஒட்டிப் பறக்கும்போது திருத்த நேரமே கிடையாது. அங்க போறவன் பெரும்பாலும் பழகினவன்தான். அப்ப அங்க செத்தவங்களைக் கணக்கெடுத்தா அனுபவசாலிங்க பேருதானே வரும்? இது கூடவா புரியாது?

இன்னைக்கு இருக்கிற விங்சூட்டுக்கு வழி போட்டுக் குடுத்த பாட்ரிக் டி கயார்டோன், 1998 ஏப்ரல்ல ஹவாய்ல தன் பாராசூட் பையில தானே ஒரு மாத்தம் பண்ணி அதைச் சோதிக்கப் போயி இறந்தாரு. 39 கிலோமீட்டர் உயரத்துல இருந்து குதிச்சு ஒலியோட வேகத்தையே தாண்டின ஃபெலிக்ஸ் பாம்கார்ட்னர், 2025 ஜூலை 17 இத்தாலியில மோட்டார் வச்ச பாராகிளைடர்ல போயி விழுந்தாரு. அதுக்கு நாலு நாள் முன்னாடி, ஜூலை 13, நாகப்பட்டினம் பக்கம் ஷூட்டிங்ல கார் உருள்ற சீன் எடுக்கும்போது நம்ம ஸ்டண்ட் மாஸ்டர் எஸ்.எம்.ராஜு. இவங்கள்ல யாரு சார் வேலை தெரியாதவன்? அனுபவம் இருந்தும் ஒருத்தன் செத்தா அது அனுபவத்தோட தோல்வியும் இல்ல, அவன் கொழுப்பும் இல்ல. திருப்பித் திருப்பி இதையே சொல்றேன்னு நினைச்சாலும் பரவாயில்ல, திரும்பவும் சொல்வேன்.

எனக்கு ஏன் இவ்வளவு எரியுதுன்னா எங்க மாமா. அம்மா கூடப் பிறந்தவரு. வடபழனியில ரொம்ப வருஷம் டூப் போட்டவரு. நான் சின்னப் பையனா இருக்கும்போது கானாடுகாத்தான் பக்கம் ஒரு பெரிய வீட்டுல ஷூட்டிங், ஊரே ஹீரோவைப் பாக்கப் போச்சு, நாங்க மாமாவைப் பாக்கப் போனோம். மாடிக் கைப்பிடிச் சுவர்ல இருந்து முகப்புல குதிக்கணும். கீழ காலி அட்டைப் பெட்டியா அடுக்கி மேல மெத்தை. மாமா ஒவ்வொரு பெட்டியையும் தானே கையால அமுக்கிப் பாத்தாரு, பையன் அடுக்கினதைக் கலைச்சுட்டுத் திரும்ப அடுக்கச் சொன்னாரு, லைட்மேன் எல்லாம் முணுமுணுக்குறாங்க. என்கிட்ட "மாப்ள, பெட்டி நசுங்குனாத்தான் எலும்பு நசுங்காது"ன்னாரு. அப்புறம் ஹீரோ சட்டையைப் போட்டுக்கிட்டு குதிச்சாரு. விசில் பறந்துச்சு, ஹீரோவுக்கு. அவரு குடைக்குக் கீழ உட்கார்ந்து இளநி குடிச்சுக்கிட்டு இருந்தாரு, அவரைச் சொல்லிக் குத்தமில்ல. எங்க அத்தை மட்டும் "அவுக வீடு வந்து சேந்தாத்தான் எனக்குச் சோறு இறங்கும்"னு சொல்லிக்கிட்டே இருக்கும்.

கேரி கானரி 2012 மே மாசம் பாராசூட்டே திறக்காம விங்சூட்லயே வந்து இறங்கினாரு தெரியுமா? எதுல? அடுக்கி வச்ச 18,600 அட்டைப் பெட்டி மேல. அதைப் படிச்சப்ப மாமாவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். "யாருடா அடுக்குனது?"ன்னு கேட்டாரு. முதல் கேள்வியே அதுதான். இவங்களையா சார் நீங்க கொழுப்புங்கறீங்க?

இப்ப வருவீங்க, "பசங்க ரீல்ஸுக்காக பைக்ல வீலிங் பண்றாங்க, அவர் நல்லதுக்குத்தானே சொன்னாரு"ன்னு. ஒத்துக்கறேன், திருச்சி ரோட்டுல ஹெல்மெட் இல்லாம முன் சக்கரத்தைத் தூக்குறவனைக் கண்டிக்கணும், நானே நிறுத்தித் திட்டியிருக்கேன். ஆனா அதுக்கு மார்க் சட்டன் எதுக்கு? பழகாம பண்றவனைத் திட்ட, பழகினவன் பொணம்தான் கிடைச்சுதா? "குடும்பத்தை நினைச்சுப் பாத்தானா"ன்னு இன்னொருத்தர். அது அந்தக் குடும்பம் கேக்க வேண்டிய கேள்வி, மைக் வச்சுக்கிட்டு நீங்க கேக்கக் கூடாது. "வெள்ளைக்காரனுக்கு நீ ஏன் அழற"ன்னு கேட்டவருக்கு ஒண்ணே ஒண்ணு, உங்க அப்பச்சி ரங்கூனுக்குக் கப்பல் ஏறினப்ப கடல் என்ன அவருக்கு எழுதிக் குடுத்துச்சா திரும்பக் கொண்டாந்து விடறேன்னு? அவரு சம்பாதிச்ச காசுல கட்டின வீட்டுத் திண்ணையில உட்கார்ந்துதான் இதை டைப் பண்றீங்க.

இன்னொண்ணு கேக்கணும். தை 3 சிராவயல் மஞ்சுவிரட்டுக்கு நாம எல்லாரும்தான் போறோம். வேடிக்கை பாக்க வந்தவன் கூடக் குத்துப்பட்டுச் செத்திருக்கான். மாடு பிடிக்கப் போயி செத்தவனுக்கு ஃபிளெக்ஸ் அடிச்சு மாவீரன்னு போடறோம், போடணும், நான் வேணாங்கல. அங்க போயி, தொழுவுக்குப் பக்கத்துல நின்னு, இதே மைக்ல, இதே வாயால "அனுபவம் இருந்து என்னத்த கிழிச்சான்"னு அந்த சிறப்பு விருந்தினர் கேக்கட்டும் பாப்போம். கேக்க மாட்டாரு. தூரத்துல செத்தவன், சொந்தக்காரன் வந்து சட்டையைப் பிடிக்க மாட்டான்னு தைரியம்.

ஆனா சொந்தக்காரங்க அந்தக் கூட்டத்துலயே இருந்தாங்க சார். எங்க மாமா பேத்தி ஏழாவது படிக்கிறா, மூணாவது வரிசையில உட்கார்ந்திருந்தா. வீட்டுக்கு வந்து "ஐயா, நீங்களும் கொழுப்புலதான் குதிச்சீங்களா"ன்னு கேட்டிருக்கா. மாமா சிரிச்சுட்டு "ஆமாத்தா, அப்பல்லாம் நல்ல கொழுப்பு"ன்னு சொல்லியிருக்காரு. அவருக்குச் சிரிக்கத் தெரியும். எனக்குத் தெரியல.

ஸ்கூல் பேரு, விருந்தினர் பேரு கேட்டு இன்பாக்ஸ்ல வராதீங்க, தரமாட்டேன். திட்டணும்னா கீழ என்னைத் திட்டுங்க. மாமாவை டேக் பண்ணாதீங்க, அவர் ஐடியை இப்ப பேத்திதான் வச்சிருக்கா.