குடும்பத்தைக் கேட்டார்களா?

போரில் இறந்த வீரர்களின் சவப்பெட்டியைப் படமெடுக்க விடலாமா என்ற சனிக்கிழமை கலந்துரையாடலின் வீடியோ இதற்குள் எல்லார் வாட்ஸ்அப்பிலும் சுற்றிவிட்டது, அதனால் கதையை மறுபடி சொல்லவில்லை. நான் பேசிக்கொண்டிருக்கும்போதே நேரமாகிவிட்டது என்று மைக்கை வாங்கிக்கொண்டதையும், எனக்குப் பின்னால் பேசிய அண்ணனுக்கு மட்டும் கடிகாரம் ஓடாமல் நின்றதையும் நீங்களே பார்த்திருப்பீர்கள். பரவாயில்லை, பழகிவிட்டது. அங்கே விட்டதை இங்கே எழுதுகிறேன்.

போரில் இறந்த வீரர்களின் சவப்பெட்டி வந்து இறங்கும்போது கேமராவைத் தள்ளி நிறுத்திய அரசாங்கங்கள் குடும்பத்துக்கு மரியாதை செய்தன என்றார் அண்ணன். படம் வேண்டும் என்பவர்கள் பிணத்தை வைத்து அரசியல் பண்ணுகிறவர்களாம். பலத்த கைதட்டல்.

குடும்பத்துக்காக என்கிறீர்களே, குடும்பத்தைக் கேட்டார்களா? எனக்குக் கேட்க இருந்தது இவ்வளவுதான்.

அமெரிக்காவில் இது எங்கிருந்து தொடங்கியது தெரியுமா? 1989 டிசம்பரில் பனாமா மீது படையெடுத்த சமயம், அதிபர் புஷ் (அப்பா புஷ்) செய்தியாளர்களிடம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். அதே நேரம் டோவர் விமானப்படைத் தளத்தில் சவப்பெட்டிகள் இறங்கிக்கொண்டிருந்தன. டிவிக்காரர்கள் திரையை இரண்டாகப் பிரித்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டிவிட்டார்கள். 1991 பிப்ரவரியில், வளைகுடாப் போர் நடக்கும்போது, டோவரில் படமெடுக்கத் தடை வந்தது. காரணம், குடும்பங்களின் அந்தரங்கமாம். என்ன கரிசனம்!

2004இல் குவைத்தில் ஒரு சரக்கு விமானத்துக்குள் கொடி போர்த்திய பெட்டிகள் வரிசையாக இருந்ததை அங்கே வேலை பார்த்த டாமி சிலிசியோ என்ற பெண் படம் எடுத்தார். சியாட்டில் நாளிதழ் ஒன்றின் முதல் பக்கத்தில் அது வந்தது, அவருக்கு வேலை போனது. அந்தப் படத்தில் எந்தப் பெட்டியில் யார் என்று தெரியாது. முகமில்லை, பெயரில்லை. அங்கே எந்தக் குடும்பத்தின் அந்தரங்கம் கெட்டது? யாராவது சொல்லுங்களேன்.

2009இல் தடையை எடுத்துவிட்டு, குடும்பமே முடிவு செய்யட்டும் என்றார்கள். அந்த ஏப்ரலில் முதலில் கேட்கப்பட்ட குடும்பம் சரி என்றது. வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

என் தம்பி என்எஸ் (சிங்கப்பூரில் ஆண்பிள்ளைகளுக்குக் கட்டாயமான தேசிய சேவை) செய்த காலத்தில் அவனோடு இருந்த பையன் ஒருவன் இறந்துபோனான். எப்படி, எங்கே என்பதெல்லாம் வேண்டாம், அந்த வீட்டார் இங்கேதான் இருக்கிறார்கள். புளோக் கீழே நாற்காலி போட்டிருந்தது. கூட்டாளிகள் சீருடையில் நின்றார்கள். பேப்பரிலிருந்து ஒருவர் கேமராவோடு வந்தார். உறவில் பெரியவர் ஒருவர் எழுந்து போய், துக்க வீட்டில் இதென்ன என்று அவரை விரட்டிவிட்டார். எல்லாருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது, எனக்கும்தான். பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா தலையை நிமிர்த்தி, “யாரைக் கேட்டு அனுப்புனீங்க? எம்புள்ளைய நாலு பேர் பாக்கட்டுமே” என்றார். பெரியவருக்கு வாய் திறக்கவில்லை. ஒரு பையன் ஓடிப்போய் பஸ் ஸ்டாப்பிலிருந்து அந்த கேமராக்காரரைக் கூட்டி வந்தான்.

அதே இடத்தில் வேறொரு அம்மா வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் கேமரா வெளியே போக வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது பேச்சில்லை. அழும் முகத்துக்குள் லென்ஸை நுழைக்கும் நிருபர்களுக்கு நான் வக்கீல் இல்லை. ஆனால் வேண்டாம் என்பதை அம்மா சொல்ல வேண்டும், அமைச்சர் சொல்லக் கூடாது. இதில் புரியாதது என்ன இருக்கிறது?

‘எதிரிக்குக் கொண்டாட்டமாகிவிடும்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். வீரன் இறந்த செய்தி எதிரிக்குத் தெரியாது பாருங்கள், மறுநாள் பேப்பரைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வான்! ‘இது அமெரிக்கா, கனடா விவகாரம், சிங்கப்பூரில் இருக்கும் நமக்கென்ன’ என்று இன்னொருவர். 1967இலிருந்து வீட்டுக்கு வீடு பிள்ளையை என்எஸ்ஸுக்கு அனுப்பும் ஊரில் இருந்துகொண்டு கேட்கிற கேள்வியா இது?

இதெல்லாம்கூடப் போகட்டும். ஞாயிறு காலை தனியாக ஒரு மெசேஜ். “அக்கா, உங்களுக்கு ரெண்டும் பொண்ணு. பையன அனுப்பினவங்களுக்குத்தான் அந்த வலி தெரியும்.” அனுப்பியது யாரென்று சொல்ல மாட்டேன். என் வீட்டில் சாப்பிட்டவர்.

கனடா கதைக்குத்தான் வருகிறேன், மைக் போனதே அந்த இடத்தில்தான். 2006 ஏப்ரலில் ஆப்கானிஸ்தானில் இறந்த நான்கு வீரர்களின் உடல்கள் டிரென்டன் விமானப்படைத் தளத்துக்கு வந்தபோது பிரதமர் ஹார்ப்பரின் அரசாங்கம் ஊடகத்தை உள்ளே விடவில்லை. நாடாளுமன்றக் கொடியை அரைக் கம்பத்தில் பறக்கவிடும் வழக்கத்தையும் நிறுத்தியது. அடுத்த மாதம் காந்தஹாரில் நிக்கோலா கோடார்ட் என்ற கேப்டன் இறந்தார். சண்டையில் உயிர்விட்ட முதல் கனடியப் பெண் வீரர். கல்கரியில் நடந்த இறுதிச் சடங்கில் அவருடைய அப்பா டிம் கோடார்ட் எழுந்து நின்று, ஊடகத்தை வெளியே நிறுத்தும் முடிவு தன்னை உறுத்துவதாக எல்லார் முன்னாலும் சொன்னார். அரசாங்கமும் இறங்கி வந்து, குடும்பம் சம்மதித்தால் சரி என்றது.

அந்த அப்பா பறிகொடுத்தது பெண்ணை, தம்பி.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். 1943 அக்டோபரில் நம் வாட்டர்லூ ஸ்திரீட்டில் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்துப் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படைக்கு முகாம் திறந்தபோது துப்பாக்கி தூக்கியது யார்? மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள் எத்தனை பேர்! இந்திய தேசிய ராணுவத்தில் உயிர்விட்டவர்களுக்கு எஸ்பிளனேட் அருகே எழுப்பிய நினைவுச் சின்னத்தை 1945 செப்டம்பரில் திரும்பி வந்த பிரிட்டிஷ்காரன் வெடி வைத்துத் தகர்த்தான். கேமராவைத் தடுப்பது வேறு, கல்லை உடைப்பது வேறு என்று அண்ணன் சட்டம் பேசுவார். பேசட்டும். இறந்தவர்களை யார் பார்க்கலாம், யார் நினைக்கலாம் என்று நாற்காலியில் இருப்பவன் தீர்மானிக்கிறான், இரண்டிலும் அதுதானே நடந்தது? அங்கே மறுபடி அடையாளக் கல் வைக்க 1995 ஆனது.

நீளமாகிவிட்டது, நாளை காலை ஷிப்ட் வேறு. திட்டுகிறவர்கள் தாராளமாகத் திட்டுங்கள், எதையும் அழிக்க மாட்டேன். ஆனால் 1991இலும் 2006இலும் தடை போடுவதற்கு முன்னால் எந்தக் குடும்பத்தின் வாசலில் போய்க் கேட்டார்கள் என்று எழுதுகிறவர்களுக்கு மட்டும்தான் பதில் போடுவேன்.