கொலைகாரர் என்று யாரைச் சொல்கிறீர்கள்?

பூச்சிமருந்து அடித்த கீரையை மறுநாளே பிடுங்கும் ஒரு தோட்டக்காரரை முகம் தெரியப் படம் பிடித்துப் பரப்புகிறார்களே, அந்தக் காணொளியைப் பற்றி எதுவும் எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். இன்று காலை என் உறவினர் ஒருவரே அதைப் பகிர்ந்து, மேலே "நஞ்சு விற்கும் கொலைகாரர்கள்" என்று எழுதியிருந்தார். அதற்குப் பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

மருந்தடித்த கீரையை மறுநாளே பிடுங்கியது பிழை. போத்தலில் எழுதியிருக்கும் நாட்கள் கழியாமல் அறுவடை செய்யக் கூடாது. அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் முகத்தை மறைக்காமல் படம் போட்டவர்களே, அந்த முகத்தில் கவசம் இருந்ததா? கையில் உறை இருந்ததா? காலில் செருப்புக்கூட இல்லை. அந்த நஞ்சை முதலில் சுவாசித்தவர் அவர். உங்கள் கறிச்சட்டிக்கு அது பிறகுதான் வருகிறது.

என் பெரியப்பா யாழ்ப்பாணத்து உரும்பிராயில் செம்மண் தோட்டம் செய்தவர். வெங்காயம், மிளகாய், புகையிலை. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, முதுகில் மருந்து டாங்கியோடு வரம்பு வரம்பாக நடப்பார். மருந்தடித்த நாளில் இரவுச் சாப்பாடு இறங்காது. தலையிடி, ஓங்காளம். பெரியம்மா தேசிக்காய்த் தண்ணீர் கரைத்துக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே இருப்பார். டாங்கி கழுவியதும் கிணற்றடியில்தான், நாங்கள் குடித்ததும் அதே கிணற்றில்தான். மருந்து விற்றவர் அளவைச் சொன்னார். ஆபத்தை யாரும் விளங்கப்படுத்தவில்லை. என் பெரியப்பாவும் கொலைகாரரா?

அவருடைய தகப்பன் காலத்தில் பூவரசங்குழையும் பனையோலையும் மண்ணில் புதைத்தார்கள், எருவுக்காகத் தோட்டத்தில் ஆட்டுப்பட்டி அடைத்தார்கள். பிறகு யூரியா வந்தது. குழை குறையக் குறைய மண்ணின் பிடிப்பும் குறைந்தது. யூரியா கூடினால் இலை மென்மையாகும், சாறு உறிஞ்சும் பூச்சி தேடி வரும், பூச்சிக்கு மருந்து. நோய் தொடங்குவது மண்ணில். நீங்கள் திட்டுவதோ மண்ணோடு சேர்ந்து நோயாளியான மனிதனை.

செடி எடுக்காத யூரியா எங்கே போகிறது என்று நினைக்கிறீர்கள்? மண்ணில் நைத்திரேற்று என்ற, நீரில் கரையும் உப்பாக மாறி, மாரி மழையோடு கீழே இறங்குகிறது. கீழே இருப்பது வெடிப்பும் துவாரமுமான சுண்ணக்கல். யாழ்ப்பாணத்தில் நமக்கு வற்றாத ஆறு இல்லை. குடிப்பதும் இறைப்பதும் அந்த ஒரே நிலத்தடி நீர். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். உரும்பிராயும் அடங்கும் வலிகாமத்தில் செறிவாகத் தோட்டம் செய்யும் இடங்களில் பல கிணறுகள் அதைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. அந்தத் தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் உடல் நீலம் பாரிக்கலாம். கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று போகாது. நீர் வற்ற அதன் செறிவு கூடும். இதற்கு ஒரு காணொளி எடுத்தீர்களா?

மலசலகூடக் குழிகளாலும் நைத்திரேற்று கூடும் என்பீர்கள். உண்மைதான். அந்தக் குழிகள் உங்கள் வளவிலும் இருக்கின்றன.

"இயற்கை விவசாயத்துக்கு மாறுவதுதானே?" 2021 மே மாதம் இலங்கை அரசு இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்து, நவம்பரில் தடையை நீக்கியதே, மறந்துவிட்டதா? பல வருடம் யூரியாவுக்குப் பழகிய மண் ஒரு வர்த்தமானி அறிவித்தலால் ஒரே போகத்தில் திருந்திவிடுமா? விளைச்சல் விழுந்தபோது நட்டத்தைச் சுமந்தவர் தோட்டக்காரர். அப்போது யாரும் அவர் முகத்தைப் படம் பிடிக்கவில்லை.

நான் நஞ்சை நியாயப்படுத்துகிறேன் என்று எழுத வருகிறீர்கள் என்பது தெரியும். என் பெரியப்பா பட்ட பாட்டைக் கண்ட எனக்கா அதைச் சொல்கிறீர்கள்? மண்ணையும் கிணற்று நீரையும் பரிசோதித்து, இவ்வளவு உரம் போதும் என்று தோட்டத்துக்கே வந்து சொல்ல ஆள் வேண்டும் என்கிறேன். குழையும் எருவும் போட்டு மண்ணைத் தேற்றுகிறவருக்கு, விளைச்சல் குறையும் போகங்களில் கைகொடுக்க வேண்டும் என்கிறேன். இதில் எது உங்களுக்குக் குற்றமாகப் படுகிறது?

கடைசியாக, சந்தைக்குப் போகிறவர்களிடம் ஒரு கேள்வி. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் நீங்கள் கத்தரிக்காய் பொறுக்குவதைப் பார்த்திருக்கிறேன். சிறு துளை கண்டாலும் தூக்கி எறிகிறீர்கள். பளபளப்பானதை மட்டும் எடுத்து, அதற்கும் விலை குறைக்கச் சொல்கிறீர்கள். துளை விழுந்த காயை வாங்க ஆளில்லாத சந்தைக்கு, மருந்தடிக்காத கத்தரிக்காயை அவர் யாரை நம்பிக் கொண்டுவருவது? இதற்குப் பதில் சொல்லிவிட்டுத் திட்டுங்கள்.