பெயர் பொருந்தினால் ஆளும் அவரேதானா?

அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் கிரெடிட் ஸ்கோரைப் பற்றி நிறையப் பேசுகிறோம். ஆனால் நம் கடன் விவரங்களைத் தொகுத்துத் தரும் கிரெடிட் ரிப்போர்ட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று திறந்து பார்ப்பவர்கள் குறைவு. நம் பெயர்களை நினைத்தால் எனக்கு இது பெரிய கவலை.

2011இல் கலிஃபோர்னியாவில் ஒருவர் மனைவியோடு கார் வாங்கப் போனார். அவருக்கு விற்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். பயங்கரவாதிகளும் போதைப்பொருள் கடத்துபவர்களும் உள்ள அரசுப் பட்டியலில் அவர் பெயர் இருப்பதாக ரிப்போர்ட் காட்டியது. அந்த ரிப்போர்ட்டைத் தயாரித்த டிரான்ஸ்யூனியன் நிறுவனம் ஒப்பிட்டது முதல் பெயரையும் கடைசிப் பெயரையும் மட்டும்தான். பிறந்த தேதியைக்கூடப் பார்க்கவில்லை. அவர் வழக்குப் போட்டார். அவரைப் போல மாட்டிக்கொண்டு அந்த வழக்கில் சேர்க்கப்பட்டவர்கள் 8,185 பேர்.

கிரெடிட் ரிப்போர்ட் முடிந்தவரை துல்லியமாக இருப்பதற்குத் தக்க நடைமுறை வேண்டும் என்று 1970ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் சொல்கிறது. ஆனால் 2021இல் உச்ச நீதிமன்றம், அந்த 8,185 பேரில் தவறான தகவல் வெளியே அனுப்பப்பட்ட 1,853 பேர்தான் அதற்காக இழப்பீடு கேட்கலாம் என்று 5-4 கணக்கில் தீர்ப்பளித்தது. இதை என்னால் ஏற்க முடியவில்லை. கோப்பில் கிடக்கும் பொய் என்றைக்கு வெளியே போகும் என்பது நம் கையில் இல்லையே. பழமைவாதியான நீதிபதி கிளாரன்ஸ் தாமஸே மூன்று லிபரல் நீதிபதிகளோடு சேர்ந்து இந்தத் தீர்ப்பை எதிர்த்தார். பெயரை மட்டும் வைத்துப் பொருத்துவது போதாது என்று அமெரிக்க அரசின் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு அதே ஆண்டு விளக்கம் தந்தது. 2025இல் அதையும் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

இனி நம் பெயரைப் பாருங்கள். அப்பா பெயர் கடைசிப் பெயராகிறது. ஒரு வங்கியில் இனிஷியல், இன்னொன்றில் முழுப் பெயர், பாஸ்போர்ட்டில் முன்பின் மாறி. சுப்ரமணியன் என்று முடியும் கார்த்திக்குகள் இந்த நாட்டில் எத்தனை பேர்! ஒருவர் கட்டாத கடன் இன்னொருவர் கணக்கில் ஏற எவ்வளவு நேரம் ஆகும்?

எக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் ஆகிய மூன்று நிறுவனங்களின் ரிப்போர்ட்டையும் ஆனுவல்கிரெடிட்ரிப்போர்ட் டாட் காம் தளத்தில் வாரந்தோறும் இலவசமாக எடுக்கலாம். உங்களுடையது அல்லாத பெயர், முகவரி, கடன் எதுவாக இருந்தாலும் அந்த ரிப்போர்ட்டைத் தந்த நிறுவனத்துக்கு ஆதாரத்தோடு எழுத்தில் ஆட்சேபம் அனுப்புங்கள். பொதுவாக 30 நாளில் விசாரித்தாக வேண்டும். கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், அவர்களுக்கும் சட்டப்படி பொறுப்பு உண்டு.

அப்புறம், வேலைக்கு எடுப்பவர் உங்கள் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் ரிப்போர்ட்டை எடுக்கக் கூடாது. அதைக் காரணமாக வைத்து நிராகரிப்பதற்கு முன்பே அதன் பிரதியை உங்களிடம் தர வேண்டும். தராவிட்டால் கேளுங்கள்.