எல்லாவற்றையும் ஒரே ரெசிஸ்டரில் கோக்காதீர்கள்

பழைய டிரக்கை 6 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு மாற்றும்போது பேட்டரி, ஆல்டர்னேட்டர், இக்னிஷன் காயில், பல்புகள் வரை யாருக்கும் பெரிய குழப்பம் வருவதில்லை. எல்லாம் புதுசு, மாட்டினால் வேலை முடிந்தது. அப்புறம்தான் டாஷ்போர்டில் மிச்சமிருக்கிற ஹீட்டர், ரேடியோ, பெட்ரோல் மீட்டர் எல்லாம் 6 வோல்ட் சாமான் என்பது உறைக்கும். "வோல்ட்டைக் குறைக்கப் பெரிய ரெசிஸ்டர் ஒண்ணு போட்டு எல்லாத்தையும் அதுல கோத்துடு" என்று யாராவது யோசனை சொல்வார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். நான் கேட்டேன்.

என்னுடையது 1951 ஃபோர்டு எஃப்-1. ஹீட்டர் மோட்டாரும் வால்வ் ரேடியோவும் சேர்ந்து கிட்டத்தட்ட 12 ஆம்பியர் இழுத்தன. என்ஜின் ஓடும்போது லைனில் 14 வோல்ட் இருக்கும். இவற்றுக்கு வேண்டியது 7, 6 வோல்ட் வண்டி ஓடும்போது லைனில் இருப்பது அவ்வளவுதான். கணக்குப் போட்டு, அரை ஓமுக்குக் கொஞ்சம் மேலே ஒரு ரெசிஸ்டரை மாட்டினேன். இரண்டும் ஓடியவரை அருமையாக இருந்தது. கொஞ்ச தூரம் போனதும் சூடு போதும் என்று ஹீட்டரை நிறுத்தினேன். ரேடியோ டயலுக்குப் பின்னால் மஞ்சளாக எரிந்துகொண்டிருந்த சின்ன பல்பு சட்டென்று வெள்ளையாகப் பளிச்சிட்டது. வண்டியை ஓரங்கட்டுவதற்குள் கருகிவிட்டது. மீட்டர் வைத்துப் பார்த்தால் ரேடியோவுக்கு 9 வோல்ட்டுக்கு மேல் போய்க்கொண்டிருந்தது.

ரெசிஸ்டர் எப்போதும் இத்தனை வோல்ட் என்று கறாராகக் குறைத்துக் கொடுக்காது. தன் வழியாகப் போகிற கரண்ட்டைப் பொறுத்துத்தான் விழுங்கும். ஹீட்டரின் கரண்ட் நின்றதும் அது விழுங்குவதும் குறைந்தது, மிச்சம் முழுக்க ரேடியோ தலையில் விழுந்தது. இன்னொன்றும் உண்டு: 7 வோல்ட்டை 12 ஆம்பியரால் பெருக்கினால் 84 வாட். அவ்வளவும் சூடு. பழைய துணி உறை ஒயர்களுக்குப் பக்கத்தில் அது உட்கார்ந்திருந்ததை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

ஆகவே ஒவ்வொன்றுக்கும் தனி ஏற்பாடு வேண்டும். ஹீட்டர் மோட்டார் ஒரே சீராக ஓடுவது, அதற்குத் தனி செராமிக் ரெசிஸ்டர் போதும். வாங்கும் முன் மோட்டார் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று அளந்துவிடுங்கள். ரெசிஸ்டரைக் காற்றுப்படும் இடத்தில், உலோகத் தகட்டின் மேல் பொருத்தி, ஃபியூஸும் போடுங்கள். ஃபோர்டு டிரக்குகள் 1955 வரை பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் வண்டியின் உடம்போடு சேர்ந்திருக்கும். 1956இல்தான் 12 வோல்ட்டும் நெகட்டிவ் எர்த்தும் வந்தன. 12 வோல்ட்டோடு எர்த்தையும் மாற்றினால் ஹீட்டர் ஃபேன் தலைகீழாகச் சுற்றுமோ என்று பலர் பயப்படுகிறார்கள். உள்ளே ஃபீல்டு காயில் சுற்றிய பழைய மோட்டார் எப்படிக் கொடுத்தாலும் ஒரே பக்கம்தான் சுற்றும். நிரந்தரக் காந்தம் வைத்த மோட்டார் மட்டுமே திசை மாறும்.

பெட்ரோல் மீட்டருக்குக் கரண்ட் மிகக் குறைவு, 6 வோல்ட் தரும் சின்ன ரெகுலேட்டர் போதும். ஆம்மீட்டருக்கு ஒன்றுமே வேண்டாம், அது அளப்பது கரண்ட்டை. எர்த் மாறியதால் முள் எதிர்ப்பக்கம் போனால் ஒயரைத் திருப்பிவிட்டால் சரி. ஸ்டார்ட்டரும் ஹாரனும் சில வினாடி வேலை செய்பவை. ஸ்டார்ட்டரை நீளமாக இழுக்காமல் இருந்தால் தாங்கும். இரண்டு 6 வோல்ட் பேட்டரியைச் சேர்த்து நடுவிலிருந்து 6 வோல்ட் எடுக்கும் வேலை மட்டும் கூடவே கூடாது. ஒன்று சார்ஜ் இல்லாமல் காயும், மற்றது அதிக சார்ஜில் வெந்துபோகும்.

ரேடியோவைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதுசு வைப்பவர்களைப் பார்க்கும்போது மனசு ஆறவில்லை. அந்த வால்வுகளின் இழை 6.3 வோல்ட்டுக்கென்றே செய்தது. சீரான வோல்ட் கொடுத்தால் இன்னும் எத்தனையோ வருஷம் பாடும். அதற்கு ஏற்றது டிசி-டிசி கன்வெர்ட்டர், 12 வோல்ட்டை வாங்கிச் சீரான 6 வோல்ட்டாகத் தரும் சின்னப் பெட்டி. ரேடியோ எவ்வளவு இழுத்தாலும் வெளியே வருகிற வோல்ட் அசையாது. 10 ஆம்பியர் தாங்குவதாகப் பாருங்கள். சில கன்வெர்ட்டர்கள் ஸ்பீக்கரில் கரகரப்பைக் கொண்டுவரும். உலோகப் பெட்டிக்குள் வைத்து, எர்த் ஒயரைக் குட்டையாக எடுத்ததும் எனக்கு அது அடங்கியது. ரேடியோவுக்குள் இருக்கும் வைப்ரேட்டர் (வால்வுகளுக்கு வேண்டிய அதிக வோல்ட்டை உண்டாக்க உதவும் அதிர் சுவிட்ச்) சிங்க்ரனஸ் வகையா, அதாவது அதைத் தானே திரும்ப டிசியாக்கித் தருவதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், அந்த வகைக்கு எர்த் மாறினால் ஆகாது.

இப்போது ஹீட்டரை நிறுத்தினாலும், போட்டாலும் டயல் பல்பு அதே மஞ்சளில் எரிகிறது.